காட்பாடி ஜங்ஷனில் தொடங்கும் உலகம்: வேலூரில் இளைஞர் குழு ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கு

ஜூன் மாதம் கல்லூரி திறந்ததும் எனக்கு இரண்டு மூன்று போன் வந்துவிடும். "அண்ணா, நாங்களும் உங்கள மாதிரி ஒரு குரூப் ஆரம்பிக்கலாம்னு இருக்கோம். லோகோ ரெடி, லெட்டர்பேட் அடிச்சாச்சு, இன்ஸ்டா பேஜும் போட்டாச்சு. அடுத்து இன்னா பண்றது?"

லெட்டர்பேடை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள் என்பேன். வரும் ஞாயிறு காலை காட்பாடி ஜங்ஷனுக்குப் போய், 10 ரூபாய்க்கு நடைமேடைச் சீட்டு வாங்கி, ஒரு மணி நேரம் சும்மா நில்லுங்கள். ஹவுரா பக்கமிருந்து ஒரு ரயில் வரும். அதிலிருந்து யார் இறங்குகிறார்கள், கையில் என்ன வைத்திருக்கிறார்கள், யாரிடம் வழி கேட்கிறார்கள், யார் பதில் சொல்லாமல் நகர்கிறார்கள் என்று பாருங்கள். பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

பாதிப் பேர் அதற்கப்புறம் கூப்பிடுவதில்லை. கூப்பிடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வெளியூர், வெளிநாட்டு ஆட்களோடு பழகக் கற்றுக்கொள்ளும் இந்த மாதிரி இளைஞர் குழு ஒன்றில் சில வருஷமாகக் கிடந்து உருண்டவன் என்ற தகுதி மட்டும்தான் எனக்கு உண்டு.

பெயரைச் சொல்லி யாரையும் பயமுறுத்தாதீர்கள்

"உலகக் குடிமை" என்று எங்கள் முதல் நோட்டீசில் போட்டோம். சத்துவாச்சாரியில் ஒரு மாணவியின் அம்மா அதைப் படித்துவிட்டு நேராகவே கேட்டார்: "ஏம்பா, கனடாவுக்கு அனுப்புவீங்களா? எவ்ளோ செலவாகும்?" அவர் மேல் தப்பில்லை. குடியுரிமை, விசா, பாஸ்போர்ட் எல்லாம் ஒரே மூட்டையாகத்தான் காதில் விழும். அன்றிலிருந்து வீட்டில் பேசும்போது அந்தச் சொல்லையே எடுப்பதில்லை. "நம்ம ஊருக்கு வெளியூர், வெளிநாட்டு ஆட்கள் வராங்க, அவங்களோட பழகக் கத்துக்கிறோம். நாம வாங்குறது விக்கிறது எல்லாம் எங்கேர்ந்து வருது, எங்க போகுதுன்னு பார்க்கிறோம்." இவ்வளவு போதும். சங்கப்பாட்டு வரி ஒன்றைப் பேனரில் போடும் ஆசை எல்லோருக்கும் வரும். போடுங்கள், ஆனால் அதோடு வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள்.

பெரிய அமைப்புகள் எப்படி ஆரம்பித்தன என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. முதல் உலகப்போர் முடிந்த கையோடு, 1920இல், பியர் செரசோல் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் சில தொண்டர்களைச் சேர்த்துக்கொண்டு பிரான்சில் வெர்தூன் அருகே நொறுங்கிக் கிடந்த ஒரு கிராமத்தில் வீடு கட்டப் போனார். நேற்றுவரை எதிரியாக இருந்த நாட்டுக்காரர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அதுதான் சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல். 1934இல் பீகாரில் பூகம்பம் வந்தபோது அதே செரசோல் இங்கே வந்து கைவேலை செய்தார். இன்னொன்று சி.ஐ.எஸ்.வி. அமெரிக்காவின் சின்சினாட்டியில் டோரிஸ் ஆலன் என்ற உளவியலாளர் 1951இல் பல நாட்டுப் பிள்ளைகளை ஒரே இடத்தில் தங்கவைத்து முதல் முகாம் நடத்தினார். பிள்ளைகளுக்கு வயது 11. பெரியவர்களைச் சேர்த்துவைத்து சமாதானம் பேசுவதைவிட, பதினொரு வயதில் சேர்ந்து சாப்பிட்டால் பலன் அதிகம் என்பது அவர் கணக்கு. இன்று அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் தொண்டர்களே அதை நடத்துகிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அந்த முகாமுக்கு ஒரு ஊரிலிருந்து போவது இரண்டு பையன்கள், இரண்டு பெண்கள், கூடவே ஒரு பெரியவர். அமைப்பு எவ்வளவு பெரிதானாலும் அந்த நாலு பேர், ஒருத்தர் என்ற கணக்குப் பெரிதாகவில்லை. சின்ன உருண்டை சின்னதாகவே இருக்க, உருண்டைகள்தான் கூடிக்கொண்டே போயின. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி வருகிறேன்.

முதல் மாதம்: நடந்து பாருங்கள்

வேலூரைப் பற்றி நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் கேலி ஒன்று இருக்கிறது: சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணியில்லாத ஆறு. கோயிலைப் பொறுத்தவரை அது பழைய கதை. ஜலகண்டேஸ்வரர் 1981இலேயே திரும்பி வந்துவிட்டார். ராஜா விஷயத்திலும் முழுக்க உண்மையில்லை. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை ஆங்கிலேயர் பிடித்து இந்தக் கோட்டையில்தான் வைத்திருந்தார்கள். 1832இல் இறந்தார். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்று நாம் பஸ்ஸில் தாண்டிப் போவது அவரது நினைவிடம். திப்பு சுல்தானின் குடும்பமும் இங்கேதான் காவலில் இருந்தது. 1806 ஜூலை 10 விடியற்காலையில் சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தார்களே, அதற்குக் காரணம் புது மாதிரித் தலைப்பாகையும், நெற்றிக்குறி வைக்கக்கூடாது, தாடி வைக்கக்கூடாது என்ற உத்தரவும். அடுத்தவன் வழக்கத்தை மதிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் கிடைக்காது.

ஆகவே முதல் ஞாயிறு, கோட்டை. ஒரே அகழிக்குள் கோயில், மசூதி, சர்ச் மூன்றும் இருக்கின்றன. ஆளுக்கொரு பேப்பர் கொடுத்து, "இங்கே வெளியூரிலிருந்து வந்த பொருள், வெளியூரிலிருந்து வந்த ஆள், வெளியூரிலிருந்து வந்த சொல், மூன்றையும் எழுதிக்கொண்டு வா" என்று அனுப்புங்கள். ஒருமுறை ஒரு பத்தாம் வகுப்புப் பையன் சொல் வரிசையில் "கார்ப்பரேஷன், ரிக்‌ஷா, அலமாரி" என்று எழுதி வந்தான். அலமாரி போர்த்துக்கீசியச் சொல், ரிக்‌ஷா ஜப்பானிலிருந்து வந்தது என்றதும் அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கோடையில் ஒன்பதரைக்குள் முடித்துவிடுங்கள். வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் ஒவ்வொரு புதுக் குழுவும் மே மாதம் பதினோரு மணிக்கு ஏதாவது ஊர்வலம் வைக்கும்.

இரண்டாவது ஞாயிறு, காலணி. எல்லோரும் செருப்பையோ ஷூவையோ கழற்றி நடுவில் வைக்கவேண்டும். தோல் எங்கிருந்து, சாயம் எங்கிருந்து, தைத்தது யார், எந்தத் துறைமுகம், எந்த நாட்டுக் கடை? வட ஆற்காடாக இருந்தது 1989இல் பிரிந்து, அப்புறம் 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானாலும் தோல் தொழில் மூன்றையும் ஒரே ஊராகத்தான் வைத்திருக்கிறது. 1990களில் ஜெர்மனி சில சாயங்களுக்குத் தடை போட்டபோது இங்கே ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிடும் டேனரிகள் தங்கள் வேலைமுறையையே மாற்றவேண்டி வந்தது. அதே தொழில் பாலாற்றை என்ன செய்தது என்பதும் தெரிந்ததுதான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இன்று நாடு முழுக்க மேற்கோள் காட்டுகிறார்களே, அந்த வழக்கு நம் ஊர் வழக்கு.

இந்தப் பயிற்சியில் ஒரு எச்சரிக்கை. பேரணாம்பட்டு பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், மற்றவர்கள் மாசு, மாசு என்று பேசிக்கொண்டிருந்தபோது வாயே திறக்கவில்லை. கடைசியில், "எங்கம்மா ஷூ கம்பெனியிலதான் அப்பர், அதான் ஷூவோட மேல்பாகம், தைக்கிறாங்க. அந்தக் காசுலதான் நான் படிக்கிறேன்" என்றாள். கூடத்தில் சத்தமே இல்லை. அன்றைய கூட்டத்தை அத்தோடு நிறுத்திவிட்டு, அடுத்த வாரம் அவளுடைய அம்மாவையே பேச அழைத்தோம். ஒரு ஜோடிக்கு எத்தனை தையல், ஒரு நாளைக்கு எத்தனை ஜோடி, ஆர்டர் குறைந்தால் முதலில் யாருக்கு வேலை போகும் என்று அவர் சொன்ன அரை மணி நேரத்துக்கு ஈடாக நாங்கள் எதையும் நடத்தியதில்லை.

மேல்மொணவூர், அப்துல்லாபுரம் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களுக்குப் போகவேண்டும் என்று சிலர் துடிப்பார்கள். அனுமதி இல்லாமல் போகக்கூடாது. அனுமதி கிடைத்தாலும் நோட்டுப் புத்தகம் கொடுத்து போட்டோ எடுக்கப் போகவே கூடாது. வாலிபால் ஆடப் போங்கள். தோற்றுவிட்டு வாருங்கள். அடுத்த மாதம் அவர்கள் உங்கள் இடத்துக்கு ஆட வரட்டும்.

ஏழு பேர்

நண்பர்களை மட்டும் வைத்து ஆரம்பிக்காதீர்கள். ஒரே கல்லூரி, ஒரே டிபார்ட்மென்ட், ஒரே ஹாஸ்டல் என்றால் அது ஒரே பருவத்தில் காய்ந்துபோகும் செடி. ஏழு பேர் வேண்டும். சங்கப் பதிவுக்கும் அதுதான் குறைந்தபட்ச எண்ணிக்கை. அந்த ஏழில் குறைந்தது மூன்று பெண்கள், ஒருவர் வேலைக்குப் போகிறவர், ஒருவர் வேலூர் டவுனுக்கு வெளியே இருப்பவர், ஒருவர் இங்கிலீஷ் பேசத் தயங்குபவர். கடைசி ஆள் ரொம்ப முக்கியம். உலகக் குடிமை என்றாலே இங்கிலீஷில்தான் பேசவேண்டும் என்ற நினைப்பு ஒன்று நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. கூட்டம் தமிழில் நடந்தால்தான் அணைக்கட்டிலிருந்து வரும் பையன் வாயைத் திறப்பான். உருது பேசுகிற வீட்டுப் பிள்ளை, தெலுங்கு பேசுகிற வீட்டுப் பிள்ளை நம் மாவட்டத்தில் எங்கும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டாலே பாதி உலகம் கிடைக்கும்.

எங்கே தேடுவது? கல்லூரியில் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) அணி இருந்தால் அங்கே போங்கள். 1969இல் காந்தி நூற்றாண்டின்போது 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டம் அது. வருஷத்துக்கு 120 மணி நேரம் சேவை, ஏழு நாள் முகாம் என்று அதில் பழகிய பிள்ளைகளுக்கு மண்வெட்டி பிடிக்கச் சொல்லித்தர வேண்டாம். அவர்களை அங்கிருந்து பிடுங்காதீர்கள், கூட்டாக வேலை செய்யுங்கள். நூலகம், டியூஷன் சென்டர், கிரிக்கெட் டீம் எல்லாம் அடுத்து.

ஒரே ஒரு வேலை, மூன்று மாதம்

புதுக் குழுக்கள் விழுவது இங்கேதான். ஜூலையில் மரம் நடுவார்கள், ஆகஸ்டில் ரத்த தானம், செப்டம்பரில் கட்டுரைப் போட்டி, அக்டோபரில் தூங்கிவிடுவார்கள். ஒரு வேலையை எடுத்து மூன்று மாதம் அதையே செய்யுங்கள்.

எங்களுடையது ஒரு கார்டு. அதன் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்த மருத்துவமனை இன்று சி.எம்.சி.யாக நிற்கிறது. மேற்கு வங்கம், வடகிழக்கு, வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ சனங்கள் அதைத் தேடி வருகிறார்கள். காந்தி ரோட்டிலும் தோட்டப்பாளையத்திலும் லாட்ஜ், மெஸ், மருந்துக்கடை போர்டுகள் வங்காளியில் இருப்பதை நாமெல்லாம் பார்த்துப் பார்த்துப் பார்க்காமலே ஆகிவிட்டோம். ரிப்போர்ட்டுகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒரு வயசான அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நிற்பவரிடம் பேச நமக்கு நாலு சொல் தெரியவில்லையே என்று ஒரு பதினோராம் வகுப்புப் பெண் கேட்டாள். அங்கேதான் ஆரம்பித்தது.

ஒரு மெஸ்காரரிடம் போய் உட்கார்ந்தோம். மால்டாவிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர், நம்மைவிடச் சரளமாக "இன்னா சார்" போடுவார். ஐந்து சொல் கேட்டோம். எங்கே என்பதற்குக் கொதாய். எவ்வளவு என்பதற்குக் கொத்தோ. மருந்து, ஒஷுத். சோறு, பாத். தண்ணீர் என்று வந்தபோது அவர் ஜொல் என்றார், பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த வங்கதேசத்துக்காரர் பானி என்றார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். ஒரே மொழி, ஒரே தண்ணீர், எல்லைக்கு இந்தப் பக்கம் பெரும்பாலும் ஒரு சொல், அந்தப் பக்கம் இன்னொன்று. இரண்டையும் கார்டில் போட்டோம். முன்பக்கம் தமிழ் எழுத்தில் வங்காளிச் சொல், நம் ஆட்டோ அண்ணன்களுக்கும் கடைக்காரர்களுக்கும். பின்பக்கம் வங்காளி எழுத்தில் தமிழ்ச் சொல், வருகிறவர்களுக்கு. அந்தப் பக்கத்தை மெஸ்காரரே எழுதிக் கொடுத்தார். அச்சுக்குப் போகுமுன் அதை இன்னொருவரிடமும் காட்டிச் சரிபார்த்தோம். மருத்துவ விஷயத்தில் ஒரு எழுத்துக்கூடத் தப்பக்கூடாது.

முதல் வாரம் மேசை போட்டு உட்காரப் பார்த்தோம், அனுமதி இல்லை என்று எழுப்பிவிட்டார்கள். நியாயம்தான், கேட்காமல் உட்கார்ந்தது எங்கள் தப்பு. ரயில் நிலையமோ மருத்துவமனையோ, உள்ளே கூட்டமாக எதையும் செய்ய எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அது கிடைக்கும்வரை வெளியே ஆட்டோ ஸ்டாண்டில், டீக்கடையில், லாட்ஜ் கவுண்டரில் கார்டு கொடுக்கலாம். இன்னொன்று: எந்த டாக்டர் நல்ல டாக்டர், எந்த லாட்ஜ் மலிவு என்று பிள்ளைகள் சொல்லவே கூடாது. புரோக்கர்கள் அலையும் இடம் அது, நம் பிள்ளைகளையும் அப்படித்தான் பார்ப்பார்கள். வழி சொல்வது, சொல் சொல்வது, அதோடு நிறுத்திக்கொள்ளவேண்டும்.

கூட்டம் நடத்துவது

ஒன்றரை மணி நேரம், அதற்கு மேல் இல்லை. தலைமை ஒவ்வொரு வாரமும் ஒருவர். பேசத் தெரிந்தவர் பேசிக்கொண்டே இருப்பார், அவர் முன்னால் ஒரு கடிகாரத்தை வையுங்கள். நீள நோட்டு ஒன்று: யார் வந்தார்கள், என்ன முடிவு, யார் செய்கிறார், எந்தத் தேதிக்குள். நாலே பத்தி. வாட்ஸப்பில் முடிவெடுக்காதீர்கள். எங்கள் வாட்ஸப் குழுவில் 180 பேர் இருந்த நாளில் கோட்டைப் பூங்காவைச் சுத்தம் செய்ய வந்தவர்கள் பதினோரு பேர். நூற்றுச்சொச்சம் பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள்.

மாலை ஐந்தரைக்கு முடித்துவிடுங்கள். குடியாத்தம் பஸ்ஸோ ஒடுகத்தூர் பஸ்ஸோ பிடித்து, இருட்டுமுன் பெண்பிள்ளைகள் வீடு சேரவேண்டும். "ஆறு மணிக்கு மேல ஆகும்" என்ற ஒரே காரணத்தால் நாங்கள் இழந்த நல்ல பெண்கள் பலர். இது சரியா தப்பா என்று தனியாக வாதாடலாம், ஆனால் வாதாடி முடிக்கும்வரை கூட்டத்தை நாலு மணிக்கு வைக்கலாமே.

பிள்ளைகள் பாதுகாப்பு

இதில் சமரசமே கிடையாது. 18 வயதுக்குக் கீழே உள்ள ஒரு பிள்ளை வந்தாலும் பெற்றோர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும்: எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம், யார் பொறுப்பு, யாருக்குப் போன் செய்யவேண்டும், பிள்ளைக்கு ஏதாவது உடல் பிரச்சினை உண்டா. ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கும் நிலையே வரக்கூடாது, எப்போதும் இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவர் பெண். பிள்ளைகளோடு தனிப்பட்ட முறையில் இரவில் மெசேஜ் கூடாது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம், 2012 என்ன சொல்கிறது என்று ஒரு வழக்கறிஞரை அழைத்து உங்கள் பெரியவர்களுக்கு ஒரு மணி நேரம் வகுப்பு வையுங்கள். தப்பு நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே அந்தச் சட்டத்தில் குற்றம். குழந்தைகள் உதவிக்கான 1098 என்ற எண் ஒவ்வொரு பிள்ளைக்கும் மனப்பாடமாக இருக்கட்டும். பிள்ளைகளின் படத்தை இன்ஸ்டாவில் போடுமுன் கேளுங்கள். கேட்டுக் கிடைத்தாலும் பள்ளிப் பெயர் தெரியும் யூனிஃபார்ம் படத்தைப் போடாதீர்கள்.

காசு, பதிவு

முதல் வருஷம் பதிவு வேண்டாம் என்பது என் கருத்து. கையிலிருந்து போட்ட காசில், வெள்ளைத் தாளில் கணக்கு எழுதி ஓட்டுங்கள். வாழைப்பழம் 40 ரூபாய், ஜெராக்ஸ் 26 ரூபாய் என்று ஒவ்வொன்றுக்கும் சீட்டு ஒட்டி வையுங்கள். அந்தப் பழக்கம் அப்போது வராவிட்டால் அப்புறம் வரவே வராது.

வேலையும் செலவும் கூடியதும் பதிவு செய்தாகவேண்டும். டிரஸ்டா, சங்கமா என்று எல்லோரும் கேட்பார்கள். டிரஸ்ட் சுலபம், ஒரு பத்திரம் எழுதினால் முடிந்தது. ஆனால் ஆரம்பித்தவர்களே ஆயுள் முழுக்க அறங்காவலர்களாக உட்கார்ந்துவிட அதில் வழி இருக்கிறது. இளைஞர் அமைப்புக்கு அது ஆகாது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் சங்கமாகப் பதியுங்கள். ஏழு பேர் கையெழுத்து, சங்கத்தின் நோக்கம், துணைவிதிகள், அலுவலக முகவரி, மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பம். வருஷாவருஷம் பொதுக்குழு கூட்டி, கணக்கை ஒப்புக்கொள்ளவைத்து, தாக்கல் செய்யவேண்டும். இது ஒரு தொல்லைதான். ஆனால் தேர்தல் நடத்தவைக்கும் நல்ல தொல்லை. துணைவிதிகளை எங்கிருந்தோ காப்பியடிக்காதீர்கள். "ஒருவர் ஒரு பொறுப்பில் இரண்டு வருஷத்துக்கு மேல் இருக்கக்கூடாது" என்ற ஒரு வரியை நீங்களே எழுதிச் சேர்த்துவிடுங்கள்.

ஐக்கிய நாடுகள் சபையின் சின்னத்தையோ பெயரையோ லெட்டர்பேடில் போடாதீர்கள். 1950ஆம் ஆண்டுச் சின்னங்கள், பெயர்கள் சட்டப்படி அது தப்பு. 2015இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளில் நான்காவதில், கல்வியில் உலகக் குடிமையும் சேரவேண்டும் என்று இருக்கிறது. அதைப் பற்றிப் பேசலாம், படிக்கலாம், ஆனால் ஐ.நா. உங்களை அனுப்பியதுபோல் காட்டிக்கொள்ளக் கூடாது.

வெளிநாட்டுப் பணம்: இந்தப் பத்தியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். வெளிநாட்டுக்காரர் ஒருவர் வந்து, உங்கள் கார்டைப் பார்த்து நெகிழ்ந்து, ஐம்பது யூரோ நன்கொடையாக நீட்டினால் கும்பிட்டுவிட்டு மறுத்துவிடுங்கள். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010இன் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது. அந்தப் பதிவுக்குப் பொதுவாக அமைப்பு மூன்று வருஷமாவது இயங்கியிருக்கவேண்டும், கடந்த மூன்று நிதியாண்டில் 15 லட்சமாவது செலவு செய்திருக்கவேண்டும். பணமும் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி மெயின் கிளையில் அதற்கென்று திறந்த கணக்கில்தான் இறங்கவேண்டும். "எங்க மாமா சிங்கப்பூர்ல இருக்காரு" என்றால், அவர் கையில் இருப்பது எந்த நாட்டு பாஸ்போர்ட் என்று கேளுங்கள். இந்திய பாஸ்போர்ட் என்றால் அது வேறு கதை. சிங்கப்பூர்க் குடிமகனாகிவிட்டார் என்றால், நம் ஊரில் பிறந்த மாமாவே ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டவர்.

சரி, அப்படியானால் காசுக்கு எங்கே போவது? மாதம் 50 ரூபாய் சந்தா, ஊர்க் கடைக்காரர்கள், பழைய உறுப்பினர்கள். எங்கள் கார்டை அச்சடித்தது பெரிய கம்பெனி எதுவும் இல்லை. இரண்டு மருந்துக்கடை, ஒரு லாட்ஜ், அந்த மெஸ்.

வெளிநாட்டோடு பேசுவது

அவசரப்படாதீர்கள், ஆறு மாதம் போகட்டும். வெளிநாட்டுப் பள்ளியோடு வீடியோவில் பேச முதலில் நேரம் பொருந்த வேண்டும். குளிர்காலத்தில் ஜெர்மனி நமக்கு நாலரை மணி நேரம் பின்னால். நம் மாலை நாலு மணிக்கு அங்கே பதினொன்றரை. ஜப்பான் மூன்றரை மணி நேரம் முன்னால்.

"இந்தியாவைப் பற்றிச் சொல்கிறோம்" என்று பரதநாட்டியமும் பொங்கலும் காட்டி முடித்துக்கொள்ளாதீர்கள். கேள்வி கேளுங்கள். உங்கள் ஊர் ஆற்றில் தண்ணீர் ஓடுகிறதா? உங்கள் ஷூ எங்கே தைத்தது? ஆம்பூரில் தைத்த ஷூவோடு எதிர்முனையில் ஒரு பையன் உட்கார்ந்திருக்க வாய்ப்பு இருக்கிறது என்பது நம் பிள்ளைகளுக்கு ஒரு தனி கெத்து.

வளர்வது எப்படி

எங்கள் மூன்றாவது வருஷம், குழு உச்சத்தில் இருந்தது. ஏப்ரலில் ஆரம்பகால ஆட்கள் ஐந்து பேரும் ஒன்றாகப் படிப்பு முடித்தோம். மூன்று பேர் பெங்களூர், ஒருவர் சென்னை, நான் மட்டும் இங்கே, அதுவும் வேலை தேடிக்கொண்டு. ஜூனில் கூட்டம் கூட்டினால் ஆறு பேர் வந்தார்கள். நோட்டு யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போடவேண்டிய இரண்டு பேரும் ஊரில் இல்லை. 8,400 ரூபாய் பதினாலு மாதம் அப்படியே முடங்கிக் கிடந்தது. வங்கியில் ஒவ்வொரு முறையும் ஒரு புதுப் பேப்பர் கேட்டார்கள். கூட்டம் நடத்த இடம் கொடுத்திருந்த பள்ளியும், "முன்னாடி இருந்த பசங்கள எங்களுக்குத் தெரியும், உங்களைத் தெரியாதே" என்று சொல்லி வாசலிலேயே அனுப்பிவிட்டது. அவர்கள் சொன்னதும் சரிதான். எல்லாப் பேச்சும் எங்கள் ஐந்து பேர் வழியாகவே நடந்திருந்தது.

அதற்கப்புறம் கற்றுக்கொண்டவை இவை. கையெழுத்துப் போடுபவர்கள் மூன்று பேர், அதில் எந்த இரண்டு பேர் போட்டாலும் செல்லும்படி வையுங்கள். மூவரும் வேறு வேறு வருஷத்தில் படிப்பு முடிப்பவர்களாக இருக்கவேண்டும். பள்ளியிலோ அலுவலகத்திலோ அனுமதி கேட்கப் போகும்போது பழைய ஆள் ஒருவர், புது ஆள் ஒருவர், பேசுவது புது ஆள். பொறுப்பு மாற்றுவது ஏப்ரலில் கூடாது, பரீட்சை. டிசம்பரில் மாற்றுங்கள். பழையவர்கள் இன்னும் நாலு மாதம் ஊரில் இருப்பார்கள், தப்பு நடந்தால் கேட்க ஆள் உண்டு. கையெழுத்து மாற்றத் தீர்மான நகல், புதியவர்களின் ஆதார், பான் கார்டு எல்லாவற்றையும் அதே வாரம் வங்கியில் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் எண்ணிக்கை. 25 பேர் ஆனதும் குழுவை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். யாருக்கும் பிடிக்காது. "நல்லாத்தானே போகுது, ஏன் பிரிக்கணும்?" என்பார்கள். ஆனால் இருபத்தைந்துக்கு மேல் போனால் பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் உருவாகிவிடுவார்கள். குடியாத்தத்தில் நாலு பேர் கிடைத்தால் அங்கே ஒன்று ஆரம்பியுங்கள். நாலு இளையவர், ஒரு பெரியவர், சின்சினாட்டிக் கணக்கு. 18 வயதுக்குக் கீழே யாராவது இருந்தால், முன்னால் சொன்னபடி இரண்டாவது பெரியவரும் வேண்டும். அவர்கள் வேலூர் வேலையையே செய்யவேண்டும் என்று சொல்லாதீர்கள். குடியாத்தத்துப் பிள்ளைகளுக்கு கார்டில் ஆர்வமில்லை. அங்கே நெய்யும் கைலி எந்தெந்த ஊருக்குப் போகிறது என்று தறி வைத்திருக்கும் வீடு வீடாகப் போய்க் கேட்டு, ஒரு வரைபடம் போட்டார்கள். எனக்குத் தோன்றவே தோன்றாத வேலை.

போன டிசம்பரில் என்னிடமிருந்த கடைசிப் பொறுப்பையும் கொடுத்துவிட்டேன். இப்போது கூப்பிட்டால் போவேன், பின்னால் உட்காருவேன். பிப்ரவரியில் கார்டை மறுபடி அச்சடிக்கப் பேச்சு வந்தது. ஆறாவதாக ஒரு சொல் சேர்க்கவேண்டும் என்றார்கள், பாத்ரூம். வங்காளியிலும் பாத்ரூம் பாத்ரூம்தானே, கார்டில் எதற்கு இடத்தை வீணாக்குகிறீர்கள் என்று நான் எழுந்து சொன்னேன். "அண்ணா, அதையே கேட்கக் கூச்சப்படுறாங்க. கார்டுல இருந்தா விரலால காட்டிட்டுப் போயிடுவாங்க" என்றாள் அந்தப் பேரணாம்பட்டுப் பெண். ஓட்டுக்கு விட்டார்கள். பதினாறுக்கு ஒன்று.